வேறுபாடும் பாகுபாடும்

நம் நாட்டில் இன்று பாகுபாடு என்னும் சொல்லைக் கையாளாதவர் அரியர். ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்கலாகாதென்று தடுக்கப்பட்டவர், தமக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதாக முறையிடுகிறார். தம் மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் மேல்சாதித் தந்தையும், இட ஒதுக்கீட்டினால் தமக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதாகவே முறையிடுகிறார். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லுகின்றனர்; இருவரும் வேதனையோடுதான் சொல்லுகின்றனர். கேட்பவர்களோ, "இந்நாட்டில் எவர்தாம் எவரைப் பிரித்து வைக்கவில்லை? எல்லாம் ஒன்றுதான்" என்று கூறி நகர்ந்து விடுகின்றனர். சொல்லின் பொருள் இவ்வாறு கலங்கிப் போகுமானால், அதனால் நட்டமடைபவர் முதலாமவரே ஆவார்.

ஆதலின் இங்கே இரண்டு வினாக்களை எடுத்துக் கொள்கிறோம். பாகுபாடு என்பது யாது? அதற்கு எக்காரணத்தாலேனும் நியாயம் கற்பிக்க இயலுமா? சாதிக் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து, அதனை உதறிப் பகவான் புத்தரின் தம்மத்தைத் தழுவிய நமக்கு, இவ்வினாக்களின் விடை முன்னமே தெரியும் என்று நம்மவருள் சிலர் எண்ணக்கூடும். பட்டவருக்கு வலி தெரியும் என்பது உண்மையே. ஆனால் நம் வலியை அறிந்திருப்பதனாலேயே பிறர் வலியையும் அறிந்து விடுவோம் என்பது உறுதியன்று. நியாயம் இன்னதென்று தெளிந்திருந்தாலன்றி, நாளை நாமே ஒரு வாயிற்படியில் நிற்க நேர்கையில், எவரை உள்ளே விடுவது, எவரைத் தடுப்பது என்று அறியாமல் திகைப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்து கொள்ளல் வேண்டும். மனிதரை மனிதரினின்று பிரித்து நடத்துவது எப்பொழுதும் குற்றமாகிவிடாது. வைத்தியர் நோயாளிகளை நோய்க்கேற்பப் பிரிக்கிறார். காய்ச்சலுற்ற குழந்தைக்குக் கஞ்சியும் மற்றக் குழந்தைகளுக்குச் சோறும் இடும் தாய் பாரபட்சம் காட்டினாள் என்று எவரும் சொல்வதில்லை. இரயில் வண்டியில் கீழ்ப்படுக்கையை முதியவருக்கு ஒதுக்குவதை நாம் குறை கூறுவதில்லை. பதினேழு வயது இளைஞனுக்கு வாக்குரிமை இல்லை. 1988-ஆம் ஆண்டின் 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. குறைத்த பின்னும் கோடு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அவ்விளைஞன் அதனால் தலை குனிவதில்லை. அக்கோடு எல்லாருடைய வாழ்விலும் வருகின்றது. அவனும் ஓராண்டில் அதனைக் கடந்து விடுவான்.

நமது சங்கத்திலும் முன்பின் என்னும் வரிசை உண்டு. பிக்குகளுள் மூத்தவர் இன்னாரென்பது துறவேற்ற நாளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. குலமோ செல்வமோ அக்கணக்கில் சேர்வதில்லை. அரச குமாரனாயினும் பின்னர் வந்தவன் பின்னரே அமர வேண்டும். இவ்விடங்களிலெல்லாம் வேறுபாடு இருக்கிறது, பாகுபாடு இல்லை. எனவே, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் யாது என்பதே நாம் காண வேண்டுவது.

மூன்று அடையாளங்களைச் சொல்லலாம் என்று கருதுகிறோம். ஒன்று: பிரிப்பதற்குக் காட்டும் காரணம், எடுத்துக்கொண்ட காரியத்தோடு பொருந்தாதிருத்தல். இரண்டு: பிரிக்கப்பட்டவர் தம் முயற்சியாலோ ஒழுக்கத்தாலோ காலத்தாலோ அக்கோட்டைக் கடக்க இயலாதிருத்தல். மூன்று: அப்பிரிவு, ஒருவரை மற்றவரினும் இழிந்தவரென்று உலகறியச் சொல்லுதல்.

இவற்றுள் முதலாவது மட்டும் இருப்பின் அது அறிவின்மையே ஆகும். கணக்கெழுதும் வேலைக்கு உயரமானவரே வேண்டுமென்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அவரைப் பார்த்து நகைப்போம், இழப்புற்றவருக்காக வருந்துவோம். இரண்டாவது மட்டும் இருப்பின் அது இயற்கையின் எல்லையாயிருக்கலாம். கண் பார்வையற்றவருக்கு வண்டியோட்ட உரிமம் தருவதில்லை. அவர் எவ்வளவு முயன்றாலும் அக்கோட்டைக் கடத்தல் அரிது; ஆனால் காரணம் காரியத்தோடு பொருந்துகிறது; அவர் இழிந்தவரென்று அவ்விதி கூறவுமில்லை. மூன்றாவதே பாகுபாட்டின் உயிர்நிலை. பொருந்தாத காரணத்தால், கடக்க முடியாத கோட்டைக் கிழித்து, அக்கோட்டுக்கு அப்பால் நிற்பவரை இழிந்தவரென்று அறிவிக்கும்போதுதான் வேறுபாடு பாகுபாடாகின்றது.

இவ்விடத்தில் நம் அன்பர்கள் ஓர் ஐயத்தை எழுப்பலாம். "செயலுக்கு வேர் எண்ணமே என்பது நம் தம்மத்தின் போதனையன்றோ? எவரையும் இழிவுபடுத்தும் எண்ணமின்றி ஒருவர் வழக்கத்தைப் பின்பற்றினால் அதனைப் பாகுபாடு என்று எவ்வாறு கூறுவது?" என்று அவர்கள் கேட்கலாம். இது பொருட்படுத்த வேண்டிய வினா. இரட்டைக் குவளை வைத்திருக்கும் தேநீர்க் கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் மனத்தில் பகை இல்லாதிருக்கலாம். மற்ற வாடிக்கைக்காரர் போய்விடுவார்களே என்னும் அச்சம் மட்டுமே இருக்கலாம். ஆயினும் தனிக் குவளையைக் கையில் வாங்குபவர் பெறும் செய்தி, கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்து மாறுவதில்லை. கடையில் உள்ளவர் அனைவரும் அச்செய்தியைப் படிக்கின்றனர்.

ஆதலின், செய்தவர் எவ்வளவு குற்றவாளி என்னும் வினாவையும், செய்யப்பட்டது அநீதியா என்னும் வினாவையும் நாம் தனித்தனியே வைத்துக் கொள்ள வேண்டும். முன்னதற்கு எண்ணம் அளவுகோல். பின்னதற்கு, அச்செயல் மனிதரிடையே கொள்ளும் பொருளே அளவுகோல். மேலும், தீமையின் வேர்கள் மூன்றென்று நம் தம்மம் கூறும்போது, ஆசையையும் பகைமையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மோகத்தையும், அதாவது அறியாமையையும், உடன் சேர்த்தே சொல்லுகிறது. வழக்கத்தின் இருளில் ஒருவர் அறியாது செய்ததை முதல் நாள் மன்னிக்கலாம். எடுத்துக்காட்டிய பின்னும் தொடர்ந்தால் அது அவருடைய எண்ணமாகவே ஆகிவிடுகிறது.

இவ்வடையாளங்களை ஓர் உண்மை வழக்கில் வைத்துச் சோதிப்போம். சிறைச்சாலை என்பது மனிதருடைய வெளியுலக நிலைகளையெல்லாம் கழற்றி வைத்துவிடும் இடமென்று கருதப்படுகிறது. ஆயினும், நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பல மாநிலங்களின் சிறை விதி நூல்களில் சாதி எழுத்து வடிவிலேயே குடியிருந்தது. மேற்கு வங்க விதி ஒன்று, துப்புரவு வேலைக்கு இன்னின்ன சாதியாரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனப் பெயர் சொல்லிக் குறித்தது. உணவைத் தகுந்த சாதியைச் சேர்ந்தவரே சமைத்து அறைகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமென்றது அதே நூலின் மற்றொரு விதி. உத்தரப் பிரதேச விதி ஒன்றோ, வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான வேலைகளைச் செய்யப் பணிக்கலாகாது, அத்தகைய வேலைகளைச் செய்து பழகிய வகுப்பைச் சேர்ந்தவராயின் பணிக்கலாம் என்று கூறியது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களுக்குள் விதி நூல்களைத் திருத்துமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. கைதிகளின் பதிவேட்டில் சாதியைக் குறிக்கும் பகுதியையும் நீக்கச் சொன்னது.

இதனை நம் அடையாளங்களோடு ஒப்பிடுவோம். ஒரே குற்றத்தைச் செய்து ஒரே தண்டனை பெற்று இருவர் சிறை புகுகின்றனர். ஒருவர் கையில் கரண்டியும் மற்றவர் கையில் துடைப்பமும் தரப்படுகின்றன. தரையைக் கூட்டுவதற்கும் ஒருவர் பிறந்த குலத்துக்கும் பொருத்தம் யாது? எதுவுமில்லை. நன்னடத்தையால் தண்டனைக் காலத்தைக்கூடக் குறைத்துக் கொள்ளலாம். நன்னடத்தையால் பிறப்பை மாற்றிக்கொள்ள இயலுமா? இயலாது. இழிவு அறிவிக்கப்படுகிறதா? ஐயமென்ன! வேலையை இழிவானது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அது இன்னாருக்குத் தகும் என்று அடுத்த வரியில் சொல்லுகிற விதிக்கு வேறு சாட்சியம் தேவையில்லை. மூன்று அடையாளங்களும் ஒருங்கே பொருந்தி நிற்கின்றன.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். இத்தகைய செயல்களுக்கும் காரணங்கள் சொல்லப்பட்டே வந்துள்ளன. காரணம் சொல்லாமல் எவரும் அநீதி செய்வதில்லை. அவற்றுள் அடிக்கடி கேட்கப்படுவன நான்கு.

முதலாவது, வழக்கம். "அவர்கள் அவ்வேலைக்குப் பழகியவர்கள்" என்பது. பழக்கியவர் யார்? வேறு வேலை கேட்டவரை விரட்டிவிட்டு, எஞ்சிய ஒரு வேலையில் அவரை நிறுத்தி, பிறகு அவர் அங்கே நிற்பதையே அவரது இயல்புக்குச் சான்றாகக் காட்டுவது நியாயமாகாது. ஓர் அநீதி தனக்குத் தானே சாட்சி சொல்ல அனுமதிக்கப்படுமானால் உலகில் எந்த அநீதியும் தண்டனை பெறாது.

இரண்டாவது, இசைவு. "அவர்களே விரும்பித்தான் வருகின்றனர்" என்பது. மலக்குழியிலும் சாக்கடையிலும் மனிதரை இறக்குவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் சாவுகள் நின்றபாடில்லை. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 இலட்சம் ரூபாயிலிருந்து 30 இலட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. குழிக்குள் இறங்கியவரை எவரும் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளவில்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்லக்கூடும். இரண்டு வாயில்கள் திறந்திருக்கும்போது ஒன்றில் நுழைபவரைத்தான் விரும்பி வந்தவர் என்று கூறலாம். ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தையும் அடைத்து வைத்துவிட்டு, அவர் விருப்பத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவது, அமைதி. இதுவே நால்வகைக் காரணங்களுள் மிகவும் கௌரவமான தோற்றமுடையது. ஆதலின் மிகவும் எச்சரிக்கையோடு ஆராய வேண்டுவதுமாகும். பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்படுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கொன்று வந்தது. சேர்த்து வைத்தால் கலகம் மூளும் என்று அரசுத் தரப்பு கூறியது. 2014-இல் உயர் நீதிமன்றம் அக்காரணத்தை ஏற்றுக் கொண்டது. பத்தாண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம், மேற்சொன்ன சிறை வழக்கின் தீர்ப்பில், அக்கருத்தைத் தான் ஏற்பதற்கில்லை என்று கூறிவிட்டது.

கலகத்தைத் தடுப்பது அரசின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. உயிர்ச்சேதம் ஏற்பட்டாலும் பாதகமில்லை என்று சொல்பவர் நம்மில் எவருமில்லை. அடிப்பேன் என்று மிரட்டுகிறவனைத் தனியே வைத்துக் காவலிடலாம். அது அவனுடைய செயலுக்கு ஏற்ற பிரிவு. மிரட்டியவன், மிரட்டப்பட்டவன், வாளாவிருந்தவன் ஆகிய எல்லாரையும் பிறப்பைக் கொண்டு பிரித்து வைப்பதோ, மிரட்டலுக்கே சட்டத்தின் முத்திரையைக் குத்துவதாகும். ஊருக்குள்ளும் இதே வாதம் நடமாடுகிறது. பொதுப்பாதையில் பிணம் எடுத்துச் செல்ல வேண்டா, வம்பு எதற்கு என்கின்றனர். அமைதியின் விலையை எப்பொழுதும் ஒரே தெருவார் கொடுத்து வருவார்களாயின், அங்கே நிலவுவது அமைதி என்னும் பெயருக்கு உரியதா என்று கேட்க வேண்டியுள்ளது.

நான்காவது, சொந்த உரிமை. "என் வீடு; எனக்கு விருப்பமானவருக்கு வாடகைக்கு விடுவேன்" என்பது. நண்பர்களைத் தேர்ந்தெடுக்கவும், ஒத்த கருத்துடையாரோடு கூடி வாழவும் மனிதருக்கு உரிமை உண்டு. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தரும் வீட்டு வசதிச் சங்கமொன்றின் விதியை, 2005-இல் உச்ச நீதிமன்றம், கூடி வாழும் உரிமையின் பேரில் செல்லுமென்றே கூறியது. தொகையில் சுருங்கிவரும் ஒரு சிறு சமூகம் தன்னைக் காத்துக் கொள்ளச் சேர்ந்து வாழ விரும்புவதில் ஒரு நியாயம் இருப்பதாகவே கொள்வோம். ஆனால் ஊர் முழுதும் வீடு வைத்திருப்போர் அதே வாதத்தைச் சொல்லி, "என்ன சாப்பிடுவீர்கள்? சொந்த ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு வகுப்பாரை மட்டும் வாசலிலேயே திருப்பியனுப்பினால், அங்கே நடப்பது கூடி வாழ்தலன்று, ஒதுக்கி வைத்தல். சட்டம் ஒன்றைத் தடுக்கவில்லை என்பதனாலேயே அது அறமாகிவிடாது.

இந்நான்கையும் ஆராய்ந்தபின், நியாயமான பிரிவையும் நியாயமற்ற பிரிவையும் அளக்கும் கோல் ஒன்று நமக்குப் புலப்படுகிறது. பிரிப்பதற்குரிய காரணத்தை, பிரிக்கப்பட்டவரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் தம்மைத் தாழ்ந்தவரென்று ஒப்புக் கொள்ளாமலேயே அக்காரணத்தை ஏற்க இயல வேண்டும். ஏற்க இயலுமாயின் அது வேறுபாடு. தம் மனித மதிப்பை விட்டுக் கொடுத்தாலன்றி அதனை ஏற்க இயலாதெனின் அது பாகுபாடு. அதற்கு எந்நியாயமும் இல்லை. "உனக்குக் காய்ச்சல், அதனால் கஞ்சி" என்பதைக் குழந்தையும் ஏற்கும். "நீ இன்ன குலத்தவன், அதனால் துடைப்பம்" என்பதை எவர் ஏற்பார்?

இக்கோலைக் கையிற் கொண்டு, தொடக்கத்தில் கண்ட தந்தையின் முறையீட்டுக்குத் திரும்புவோம். அது பழமையான முறையீடு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி கல்லூரி இடங்கள் 14 என்றால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்துவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பிற்பட்ட வகுப்பினருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் சிறப்பு ஏற்பாடுகள் செய்யலாமென 15-ஆவது பிரிவில் புதிய உட்பிரிவைச் சேர்த்தது. 1975-இல் கேரளத்திலிருந்து வந்த தாமஸ் வழக்கில், இத்தகைய ஏற்பாடு சமத்துவத்துக்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு கூறே என்னும் கருத்து வலுப்பெற்றது.

அத்தந்தைக்கு நாம் என்ன கூறுவது? அவர் மகனுக்கு இழப்பு ஏற்படவில்லை என்று கூறுவது பொய். இழப்பு உண்டு, அவ்விளைஞனின் ஏமாற்றமும் மெய்யானதே. ஆனால் இழப்பு வேறு, இழிவு வேறு. "உங்கள் மகன் தாழ்ந்தவன், ஆதலின் இடமில்லை" என்று எவரும் சொல்லவில்லை. "பல நூற்றாண்டுகளாகப் பள்ளி வாசலுக்கே வர விடப்படாதவர்களுக்கும் இவ்விடங்களில் ஒரு பங்கு உரியது" என்பதே சொல்லப்பட்ட காரணம். அதனை அவர், தம் மகனின் மதிப்பில் அணுவளவும் குறையாமல், ஏற்க இயலும்.

ஏற்றவர்களும் உண்டு. விநய பிடகத்தில் ஒரு செய்தி வருகிறது. அநுருத்தர், ஆனந்தர் முதலிய சாக்கிய குமாரர் அறுவரும், அவர்களுக்கு நாவிதராயிருந்த உபாலியும் துறவேற்கப் பகவானிடம் வந்தனர். அப்பொழுது அக்குமாரர்கள், உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு தாமே வேண்டிக் கொண்டனர். அவ்வாறு செய்தால் உபாலி தங்களுக்கு மூத்தவராவார். தாங்கள் அவரை வணங்க வேண்டி வரும். சாக்கியர் என்னும் செருக்கு தங்களிடம் அடங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். உபாலி முன்னும் அரச குமாரர் பின்னுமாக அவ்வரிசை அமைந்தது. இதனால் குமாரர்கள் இழிந்தவராயினரா? இல்லை. அவர்கள் விட்டது ஓர் இடத்தை மட்டுமே; மனித மதிப்பை அன்று. பின்னர் உபாலி விநயத்தில் தலைசிறந்தவராக விளங்கினார். இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தைப் பற்றிய வினாக்களுக்கு விடையளித்தவர் அவரே.

இதுவரை பிறருக்குச் சொன்னோம். அளவுகோல் என்பது பிறர் துணியை மட்டும் அளப்பதற்கன்று. நம் வீட்டையும் அதனால் அளந்து பார்க்க வேண்டும். மூன்று இடங்களைக் குறிப்பிட விரும்புகிறோம்.

முதலாவது, சட்டம் நமக்குச் செய்ததும் பிறருக்குச் செய்யாததும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, சீக்கியருள் சில பிரிவினர் நீங்கலாக, இந்து சமயத்தவரல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியர் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரோடு தம்மத்தைத் தழுவியவர்களும், அவர் வழிவந்தவர்களும், 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரும் வரை, 34 ஆண்டுகள் அந்நிலையை இழந்திருந்தனர். சேரியில் இருந்தவர் சேரியிலேயே இருந்தார். ஊரார் பார்வையும் மாறவில்லை. ஆனால் சட்டம் மட்டும் அவரை மாறிவிட்டவராகக் கணக்கிட்டது. அது அநீதி என்று அந்நாளில் நம்மவர் முறையிட்டனர். அம்முறையீடு மெய்யாயின், கிறித்துவத்தையோ இஸ்லாத்தையோ தழுவிய நம் தெருவார், நமக்கு 1990-இல் திறந்த கதவு தங்களுக்குத் திறக்கவில்லையே என்று கேட்பதும் மெய்யே. இதனை ஆராய 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. "பங்கு குறைந்துவிடுமே" என்று நம்மவருள் சிலர் அஞ்சுகின்றனர். பங்கீட்டின் அளவைப் பற்றி வாதிடலாம். ஆனால் "நீ வேறு கோயிலில் தொழுகிறாய், ஆதலின் உன் தீண்டாமை தீண்டாமையன்று" என்னும் காரணத்தை, 34 ஆண்டுகள் அதனைக் கேட்டு நொந்த நாம் பிறருக்குச் சொல்லலாகாது.

இரண்டாவது, நமக்குள் உள்ள படிகள். பஞ்சாபில் 1975 முதல் பட்டியல் சாதியினருள் மிகவும் பின்தங்கிய இரு பிரிவினருக்குத் தனி முன்னுரிமை அளிக்கப்பட்டு வந்தது. தமிழ் நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டில் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளுள் அறுவர், இத்தகைய உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தனர். இது நம் ஒற்றுமையைக் குலைக்கும் சூழ்ச்சி என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. ஒற்றுமை வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் துப்புரவுத் தொழிலில் அழுந்திக் கிடக்கும் ஒரு பிரிவாரைப் பார்த்து, ஒற்றுமைக்காக நீ வாய் திறவாதிரு என்று சொல்வது, ஊர் அமைதிக்காக நீ ஒதுங்கிப் போ என்று நம்மைப் பார்த்துச் சொன்ன குரலை ஒத்திருக்கவில்லையா? சாதியமைப்பு வெறும் இரு தட்டுகளன்று, படிப்படியாக ஏறி இறங்கும் ஏற்றத்தாழ்வு என்பதைப் பாபாசாகேப் நமக்கு விளக்கியிருக்கிறார். நமக்கு மேலுள்ள படியை இடிக்க முனையும் நாம், நமக்குக் கீழே ஒரு படி இருப்பதைக் காணாதவர்போல் இருத்தல் ஆகாது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது நம்மவர் இன்னும் என்னென்ன விசாரிக்கின்றனர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக் கொள்ளட்டும்.

மூன்றாவது, பெண்கள். பிக்குணிகளுக்கெனக் கூறப்படும் எட்டுப் பெருவிதிகளுள் முதலாவது, துறவேற்று நூறாண்டு கண்ட பிக்குணியும், அன்றே துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது. துறவேற்ற நாளைக் கொண்டே மூப்பு என்னும் சங்கத்தின் பொதுவிதி இங்கே மட்டும் பிறப்பின் முன் மண்டியிடுகிறது. அக்காலச் சமூக நிலை அதற்குக் காரணமென்பர் சிலர். பிற்காலத்து இடைச்செருகல் என்பர் வேறு சிலர். வரலாற்று ஆராய்ச்சி எதுவாயினும், காரணத்தை விளக்குவது வேறு, அதனை இன்றும் நியாயமென்று நிலைநாட்டுவது வேறு. 1996-இல் சாரநாத்திலும் 1998-இல் புத்தகயையிலும் இலங்கைப் பெண்கள் பலர் உபசம்பதை பெற்றுப் பிக்குணிகளாயினர். நெடுங்காலம் அடைபட்டிருந்த வாயில் நம் நாட்டு மண்ணில் திறந்தது நமக்குப் பெருமையே. அப்பெருமைக்கு நாம் தகுதியுடையோர் ஆக வேண்டுமாயின், நம் சங்கக் கூட்டங்களில் பெண்கள் விருந்து சமைப்பதோடு நின்றுவிடாமல், தலைமை தாங்கும் வரிசையிலும் அமர வேண்டும்.

இறுதியாக ஒன்று. நியாயமான வேறுபாடும் காவலின்றி விடப்பட்டால் பாகுபாடாக மாறும். காய்ச்சல் தீர்ந்த பின்னும் கஞ்சியே ஊற்றினால் அது பராமரிப்பாகாது. ஆதலின் எந்தப் பிரிவையும் அதன் நோக்கம் நிறைவேறியதா என்று காலந்தோறும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். இட ஒதுக்கீடும் இதற்கு விலக்கன்று. தீண்டாமை உண்மையாகவே ஒழியும் நாளில் அதற்கு வேலை இராது. அந்நாளை நம்மைக் காட்டிலும் ஆவலோடு எதிர்நோக்குபவர் எவரும் இலர். ஆனால் நோய் தீர்ந்ததா என்பதை நோயாளியைக் கேளாமல், பக்கத்து வீட்டுக்காரர் தீர்மானிக்க முடியாது.

எனவே நம் அன்பர்கள், பாகுபாடு என்னும் சொல்லை நாவில் எடுக்கும்போதும், அச்சொல்லை நம்மீது பிறர் எறியும்போதும், பொறுமையோடு அதன் காரணத்தைக் கேட்டு அளந்து பார்ப்பார்களாக. எதிரில் நிற்பவர் தலை நிமிர்ந்தபடியே ஏற்கக்கூடிய காரணத்தை உடையோமாயின் அஞ்சாமல் சொல்லுவோம். அத்தகைய காரணம் நம்மிடம் இல்லையெனில், கேட்பவர் எவராயினும், வாயிற்படியை விட்டு நாம் விலகி நிற்போமாக.